ஜோடியைப் பிரிக்காமல் கழற்றுவது

பரணில் பழைய டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி, ஒன்று கிடந்தால், அதைக் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை அதற்காக ஒதுக்கலாம் என்பது என் கட்சி. வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்தோமே, அதே டெக்தான். கேசட்டை அதன் வாயில் தள்ளினால் உள்ளே ஏதோ ஒன்று வாங்கி இழுத்துக்கொள்ளும். எது இழுக்கிறது என்று பார்க்க அப்போது யாரும் விட மாட்டார்கள். வாடகை டெக்கைத் தொட்டால் கைமேலேயே விழும். இப்போது கேட்பாரில்லை, தாராளமாகத் திறக்கலாம்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பதினொன்றாம் வகுப்புக்குச் சுழல் இயக்கம், பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல். ஆய்வகத்துக்கு வருகிற பணம் உடைந்த கண்ணாடிக்கும் புகைந்துபோன பேட்டரி எலிமினேட்டருக்குமே சரியாகப் போய்விடும். அதனால் வகுப்பில் காட்டுவதற்கு வேண்டியதைப் பழைய சாமான்களிலிருந்து கழற்றி எடுக்கும் பழக்கம் வந்தது. இன்று என் வீட்டுக் கொல்லைப்புற அறையைப் பார்த்தால் டீச்சர் வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "கடை எப்ப திறக்கப் போற?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர் உள்ளே தேடி வருவதெல்லாம் ஸ்க்ரூவுக்காக மட்டும்தான், அது வேறு விஷயம்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் செய்வது என்னவென்றால், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். மோட்டரெல்லாம் ஒரு டப்பா, கியரெல்லாம் ஒரு டப்பா, தண்டெல்லாம் இன்னொன்று. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு பொம்மைக் கிணற்று ராட்டினம் செய்ய உட்கார்ந்தால், கியர் டப்பாவில் இருக்கும் எந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராது. பல்லின் அளவு ஒவ்வொன்றிலும் வேறு. 2 மில்லிமீட்டர் தண்டுக்கு 2.3 மில்லிமீட்டர் துளை உள்ள கியர் வந்து மாட்டும்.

சின்ன டிசி மோட்டர் இன்று ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதை எடுப்பதற்காக டெக்கைத் திறக்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்காதது என்னவென்றால், ஒரு தண்டும் அது சுற்றுவதற்கென்றே துளைத்த புஷ் என்ற வளையமும், வார்ம் என்ற திருகுப் பல்லும் அதில் ஓடிய சக்கரமும், ஒரு பெல்ட்டும் அது ஓடும் இரண்டு புல்லிகளும். இவை ஜோடியாக இருந்தால்தான் சரக்கு. பிரித்துவிட்டால் எடைக்குத்தான் போகும். முடிந்தால் அவை உட்கார்ந்திருக்கும் தகட்டோடு சேர்த்தே அறுத்து எடுத்துவிடுங்கள். இரண்டு தண்டுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற கணக்கு அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

சரி, டெக்குக்கு வருவோம்.

முதலில் பாதுகாப்பு. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டோம் என்பதால் உள்ளே மின்சாரம் இல்லை என்று அர்த்தமில்லை. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசையாகத் திருத்தி ஒரு பெரிய கெபாசிட்டரில் சேர்த்தால் உச்ச மதிப்பான 325 வோல்ட் வரை ஏறும். பன்னிரண்டாம் வகுப்பில் ரூட் இரண்டால் பெருக்கச் சொல்வது இதைத்தான். ஒயரை உருவி ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் திறப்பது என் வழக்கம். அப்போதும் பவர் சப்ளை போர்டில் கை வைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் அந்தக் கெபாசிட்டரை அளந்துவிடுவேன்.

அடுத்தது ஸ்க்ரூ. ஜப்பானியப் பொருள்களில் இருக்கும் ப்ளஸ் ஸ்க்ரூ பார்ப்பதற்கு நம் பிலிப்ஸ் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். ஆனால் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் டிரைவர் அடிவரை இறங்காமல் நழுவி, தலையைச் சிராய்த்துவிடும். தலையில் ஒரு ஓரமாகச் சின்னப் புள்ளி குழிந்திருந்தால் அது ஜப்பான் தர ஸ்க்ரூ என்று அடையாளம். அதற்கென்று தனி டிரைவர் விற்கிறார்கள். ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால், நல்ல அழுத்தம் கொடுத்து முதலில் ஒரு சுற்று இறுக்குகிற பக்கம் லேசாக அசைத்துவிட்டுப் பிறகு திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பளபளப்பான அலுமினிய உருளை. அதுதான் ஹெட் டிரம், டேப்பில் படத்தை எழுதிப் படிக்கும் ஹெட் இதில்தான் இருக்கிறது. விஹெச்எஸ் என்ற வழக்கமான வீடியோ கேசட் போடும் டெக் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இதன் விட்டம் 62 மில்லிமீட்டர். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறை டெக்கில் இது நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று. டேப்போ விநாடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அவ்வளவு மெதுவாகப் போகிற டேப்பில் படத்தை எழுத முடியாது என்பதால்தான், எழுதுகிற ஹெட்டையே சுற்றவிட்டார்கள். விட்டத்தைப் பையால் (π) பெருக்கி, 25ஆல் பெருக்கினால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 4.87 மீட்டர் வரும். டிரம்மைக் கையில் கொடுத்துவிட்டு இந்தக் கணக்கைப் போடச் சொன்னால் பெண்கள் விடை வந்த பிறகும் அதை விடாமல் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

டிரம்மில் கீழ்ப்பாதி அசையாது, மேல்பாதி மட்டும் சுற்றும். இரண்டுக்கும் நடுவே தண்டும் சின்ன பேரிங்குகளும். இந்தக் கூட்டத்தை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். அடியிலிருக்கும் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி அப்படியே முழுசாகத் தூக்குங்கள். மோட்டரின் காயில் பகுதி தனியாக வந்துவிடும் அமைப்பாக இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம். அதை எடுத்தபிறகு காந்தம் பிடித்து இழுக்காது. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் டிரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இவ்வளவு சீரான பேரிங்கைத் தனியாக வாங்கப் போனால் விலை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வகுப்பில் இதை ஒரு மரக்கட்டையில் மல்லாக்கப் பொருத்தி வைத்திருக்கிறேன். விளிம்பில் நூலைச் சுற்றி, மேசை ஓரத்துக் கப்பி வழியாக ஒரு எடையைத் தொங்கவிட்டால் கோண முடுக்கம் அளக்கலாம். டிரம்மின் தலையில் எதிரெதிராக இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை ஒட்டிவிட்டு மறுபடி அளந்தால், சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவான நிலைமத் திருப்புத்திறன் கூடியது எண்ணாக வந்து நிற்கும். நாணயத்தை நடுப்பக்கம் நகர்த்தி ஒட்டினால் அந்த எண் இறங்கும். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் புரியாதது இங்கே நாணயத்தை நகர்த்தியதும் புரிந்துவிடுகிறது.

டிரம்முக்கு அடுத்த சொத்து, கேசட்டை வாங்கி இழுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு. ஒரு சின்ன மோட்டர், அதன் தலையில் ஒரு வார்ம், அதோடு சேர்ந்த சக்கரம், அதற்குப் பிறகு கைப்பிடி அளவுக்கு ஒரு கேம் கியர். கேம் கியரைத் திருப்பிப் பாருங்கள். அதன் வயிற்றில் வளைந்து வளைந்து பள்ளங்கள் ஓடும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நெம்புகோலின் முனை உட்கார்ந்திருக்கும். ஒரே மோட்டர், ஒரே பக்கம் சுற்றச் சுற்ற, முதலில் கேசட் இறங்கும், பிறகு டேப் டிரம்மைச் சுற்றி வளைக்கப்படும், பிறகு ரப்பர் உருளை வந்து அழுத்தும், பிரேக் விலகும். எல்லாம் முறை தவறாமல். எந்த வேலை எப்போது என்பதை அந்தப் பிளாஸ்டிக் சக்கரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கியர்கள் மேல் சின்னச் சின்ன அம்புக்குறியோ துளையோ இருக்கும். இரண்டும் நேராக நிற்கிற நிலைதான் சேர்க்கும் நிலை. கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். வார்மைத் திருப்பினால் சக்கரம் சுற்றும், சக்கரத்தைத் திருப்பினால் வார்ம் சுற்றாது. இதை மாணவிகள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பகுதியைத் தகட்டோடு வைத்திருக்கிறேன்.

ரீல் பக்கம் ஒரு வழுக்கு கிளட்ச் இருக்கும். இரண்டு வட்டுகளுக்கு நடுவில் கம்பளித் துணி, மேலே ஒரு ஸ்பிரிங் அழுத்தம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுத்தால் வழுக்கிவிடும், டேப் அறுந்துபோகாது. பொம்மை பளு தூக்கியோ தானாகத் திறக்கும் கதவோ செய்கிறவர்களுக்கு இது தங்கம். இது பாட்டுக்கு ஓரத்தில் கிடக்கும், கியர் என்று நினைத்துப் பிரித்து எறிந்துவிடுகிறார்கள்.

இந்தக் கியர்களையெல்லாம் தண்டில் பிடித்து வைத்திருப்பது இ-கிளிப் என்ற சின்னக் கம்பி வளையம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பறந்துவிடும். எங்கே போனது என்பது வீடு பெருக்கும்போதுகூடத் தெரியாது. கையையும் சாமானையும் ஒரு பெரிய கண்ணாடிப் பையில், ஜவுளிக்கடைப் புடவை உறை இருக்கிறதே, அதில் விட்டுக்கொண்டு நெம்பினால் பறந்தாலும் பைக்குள்ளேயே விழும்.

டேப் ரெக்கார்டரில் இவ்வளவு சிக்கல் கிடையாது. எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர் போய்வந்தவர் வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் கட்டாயம் இருக்கும். பாட்டு நின்றுபோய் வருஷங்கள் ஆனாலும் தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருப்பார்கள். அதில் நான் தேடுவது ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரத்தையும் அதன் நடுத்தண்டையும் அந்தத் தண்டு ஓடும் புஷ்ஷையும். கேசட் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், ஏறாமல் இறங்காமல் ஓட வேண்டும். வேகம் கொஞ்சம் ஆடினாலும் பாடகர் குரல் நடுங்கும், காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் கனமான சக்கரமும் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய தண்டும் போட்டிருப்பார்கள். மோட்டரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தால் உள்ளே வேகத்தைச் சரிசெய்யும் திருகு இருக்கிறது என்று பொருள். மெல்லிய டிரைவரை விட்டுத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். சுமை ஏறினாலும் இறங்கினாலும் வேகத்தைக் காப்பாற்றும் மோட்டர் அது. சாதாரண பொம்மை மோட்டரோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

புஷ் பற்றி ஒரு எச்சரிக்கை. கழற்றியதும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டு அலசுகிற வழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. எஃகு பேரிங்குக்கு அது சரி. டேப் ரெக்கார்டர் புஷ் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். தண்டு சுற்றிச் சூடேறும்போது எண்ணெய் தானாக வெளியே கசிந்து வழவழப்பு கொடுக்கும். மண்ணெண்ணெயில் போட்டால் அந்த எண்ணெய் போய்விடும். அப்படி அலசிய புஷ் யாரிடமாவது இருந்தால், நல்ல மெஷின் எண்ணெயை லேசாகச் சூடாக்கி அதில் ஓர் இரவு ஊறப் போடுங்கள், குமிழி வந்து நின்றபிறகு எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், குளிர்ந்தால் உறைந்துவிடும்.

பெல்ட் பெரும்பாலும் உருகித் தாராக ஒட்டிக்கிடக்கும். கையில் பட்டால் லேசில் போகாது, துணியில் பட்டால் துணியை மறந்துவிட வேண்டியதுதான். கையுறை போட்டுக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடுங்கள். பெல்ட் போனாலும் புல்லிகள் இருக்கின்றன. இடத்திலேயே வைத்து ஒரு நூலைச் சுற்றி நீளம் அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவான சுற்றளவில் புது பெல்ட் கேட்டால் சரியாக இருக்கும். சென்னை போகிறவர்களிடம் ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவரச் சொல்வேன்.

கம்ப்யூட்டர் சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஹார்டு டிஸ்க். மூடியில் நட்சத்திர வடிவ டார்க்ஸ் ஸ்க்ரூ இருக்கும், பெரிய டிஸ்க்குக்குப் பெரும்பாலும் டி8 டிரைவர் பொருந்தும். எல்லாவற்றையும் எடுத்தும் மூடி வரவில்லையென்றால் ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கிறது. விரலால் தடவினால் பள்ளம் தெரியும்.

உள்ளே ஒரு மூலையில், எஃகுத் தகட்டில் ஒட்டிய, வாழைப்பழத் துண்டு மாதிரி வளைந்த இரண்டு காந்தங்கள். நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த வகை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. இவை இல்லாமல் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வேகமாக ஒரு கையை ஆட்டியிருக்க முடியாது. இந்தக் காந்தத்தில் ஒரு விசேஷம்: வடக்கு ஒரு முகம், தெற்கு மறுமுகம் என்று இருக்காது. ஒரே முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு. திசைகாட்டியைப் பக்கத்தில் நகர்த்தினால் நடுவில் முள் சட்டென்று திரும்பும். எதற்கு இப்படி என்று கேட்டால், கையின் நுனியில் இருக்கும் காயிலைப் பாருங்கள். காயிலின் ஒரு பக்கத்தில் மின்சாரம் மேலே போனால் மறுபக்கத்தில் கீழே வரும். இரண்டு பக்கத்திலும் விசை ஒரே திசையில் இருக்க வேண்டுமானால் இரண்டு துருவமும் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். ஃபிளெமிங்கின் இடக்கை விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. ஒரு பென்சில் பேட்டரியைக் காயிலுக்குத் தொட்டதும் கை 'டக்' என்று ஒரு பக்கம் பாயும், பேட்டரியைத் திருப்பித் தொட்டால் மறுபக்கம். அதற்காகவே ஒரு ஹார்டு டிஸ்க்கில் காந்தத்தைப் பிரிக்காமல், கையோடும் காயிலோடும் அப்படியே விட்டிருக்கிறேன்.

காந்தம் தனியாக வேண்டும் என்றால் டிரைவரால் நெம்ப வேண்டாம், நொறுங்கிவிடும். தகட்டின் இரண்டு முனைகளையும் வைஸிலும் குறட்டிலும் பிடித்து, தகட்டை மெதுவாக வளைத்தால் பசை விட்டு காந்தம் எழும்பிவரும். சூடு காட்டவும் கூடாது. சாதாரண வகைகள் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே சக்தியை இழக்க ஆரம்பிக்கும். இரண்டு காந்தங்களை ஒரே மேசையில் பக்கத்தில் வைக்காதீர்கள், நடுவில் விரல் மாட்டினால் தோல் கிள்ளி ரத்தம் கட்டிவிடும்.

மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் அலுமினியம். காந்தம் அதில் ஒட்டாது. ஆனால் தட்டைச் சாய்த்துப் பிடித்து மேலே காந்தத்தை விட்டால் அது விழாது, தயங்கித் தயங்கி இறங்கும். நகரும் காந்தம் உலோகத்தில் எழுப்பும் மின்சாரம்தான் அதைத் தடுக்கிறது. சுழல் மின்னோட்டம் என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன் நான் செய்வது இதைத்தான். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பல சமயம் கண்ணாடி. தெரியாமல் வளைத்தால் தூளாகச் சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்த வகைத் தட்டு என்பதைத் தட்டினால் எழும் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஹார்டு டிஸ்க் கொடுக்கிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு அம்மா, "டீச்சர், இதுல என் மருமக வளைகாப்பு போட்டோ எல்லாம் இருக்கு, யார் கையிலயாவது போயிடுமா?" என்று கேட்டார். "அக்கா, நீங்க நிக்கும்போதே தட்டை எடுத்துக் கீறிக் காட்டறேன்" என்று அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து திறந்தேன். அதற்கப்புறம் அவர் வீட்டு மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் என்னிடம்தான் வருகிறது.

சிடி டிரைவ் இரண்டு ஜாதி. கம்ப்யூட்டரிலிருந்து வருவதில் பெரும்பாலும் அடி அடியாக நின்று சுற்றும் ஒரு ஸ்டெப்பர் மோட்டரும் அதன் தண்டே திருகாக நீண்ட ஒரு கம்பியும், அந்தத் திருகில் ஓடும் பல்லும், இரண்டு வழிகாட்டிக் கம்பிகளும் இருக்கும். மோட்டர் ஒரு சுற்றுக்கு 20 அடி எடுத்து வைக்கும், திருகின் புரி இடைவெளி 3 மில்லிமீட்டர். ஆக ஓர் அடிக்கு 0.15 மில்லிமீட்டர் நகர்வு. திருகுமானி பாடம் எடுக்கும்போது மீச்சிற்றளவைக் கண்டுபிடிக்கச் சொல்லி இதைத்தான் நீட்டுகிறேன். வீட்டு விசிடி பிளேயரில் ஸ்டெப்பர் இருக்காது. சாதாரண மோட்டர் இரண்டும் பற்சட்டம் ஒன்றும் இருக்கும், அதுவும் பயன்படும். கம்ப்யூட்டர் டிரைவில் தட்டு வெளியே வராமல் மக்கர் பண்ணினால் முகப்பில் இருக்கும் ஊசித்துளையில் ஜெம் கிளிப்பை நீட்டிக் குத்துங்கள். லேசர் பகுதியை மட்டும் நோண்டாதீர்கள், டிவிடி எழுதும் டிரைவின் லேசர் கண்ணைக் கெடுத்துவிடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை உடைத்துப் போட்டுவிடுவதே நல்லது.

பிரிண்டர் என்றால் டாட் மேட்ரிக்ஸ். அலுவலகங்களில் டர் டர் என்று கத்திக்கொண்டிருந்ததே, அதுதான். ஒரு முழம் நீளத்துக்கு மெருகேற்றிய எஃகுக் கம்பி, அதில் வழுக்கி ஓடிய வெண்கலப் புஷ், பல் வைத்த பெல்ட், அதன் இரு புல்லிகள், கட்டை குட்டையாக ஸ்டெப்பர் மோட்டர். கம்பியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், ஆடாமல் உருண்டால் எடுத்து வைக்கலாம். இங்க்ஜெட் பிரிண்டரில் கம்பி நன்றாக இருக்கும், ஆனால் அடியில் கழிவு மை குடித்த பஞ்சு ஒன்று இருக்கிறது. நகக்கண்ணில் கறுப்பு ஏறினால் வகுப்பில் வெண்கட்டி பிடிக்கவே கூச்சமாக இருக்கும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

சமையலறைச் சாமான்களில் மைக்ரோவேவ் அடுப்பின் உடலைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் உயர் அழுத்தக் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். ஆனால் கண்ணாடித் தட்டைச் சுற்றுகிற மோட்டர் பல அடுப்புகளில் அடிப்பக்கத்திலிருந்தே வந்துவிடும். அதற்கென்று ஒரு சின்ன மூடி இருக்கும், அதை எடுத்தால் போதும். கடைக்காரரே கழற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. உள்ளங்கையில் அடங்கும் வட்ட மோட்டர், மேலே 5/6 ஆர்பிஎம் என்று அச்சிட்டிருக்கும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 5 சுற்று, அமெரிக்க 60 ஹெர்ட்ஸில் 6. மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கண்ணால் காட்டுகிற மோட்டர் இது. எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் அது இஷ்டம். தண்டைக் கையால் திருப்பினால் உள்ளேயிருக்கும் கியர்கள் காந்தத்தை வேகமாகச் சுற்றி மின்சாரம் எடுக்கும், 230 வோல்ட் வகையாக இருந்தால் ஒரு எல்இடி எரியும். அப்போது ஒயர் முனைகளைத் தொடாதீர்கள், சுருக்கென்று இருக்கும்.

2011இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மேசை விசிறி மூன்றும் எங்கள் தெருவில் ஏறக்குறைய வீட்டுக்கு வீடு உண்டு. இப்போது அவை ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்கு வருகின்றன. இதில் என் கண் விசிறியின் கழுத்தில்தான். மோட்டர் தண்டின் பின்முனையில் வார்ம், அதற்குப் பக்கத்தில் சக்கரம், கீழே ஒரு வட்டில் மையத்திலிருந்து தள்ளி மாட்டிய ஒரு கை. மோட்டர் வேகமாகச் சுற்ற, தலை நிதானமாக இடமும் வலமும் திரும்பும். சுழற்சி எப்படி ஆட்டமாக மாறுகிறது என்பதற்கு இந்தப் பெட்டியைத் திறந்து காட்டினால் போதும். ஓடுகிற விசிறியைக் கழற்ற மாட்டேன். புஷ்ஷும் கெபாசிட்டரும் மாற்றினால் ஓடும் என்றால் மாற்றி ஓடவிடுவதுதான் நியாயம்.

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் டைமரையும் யாரும் கண்டுகொள்வதில்லை. குமிழைத் திருப்பினால் டிக் டிக் என்று ஓடுமே, அதை ஓட்டுவது மின்சாரம் இல்லை, சாவி கொடுத்த ஸ்பிரிங்தான். உள்ளே எஃகுச் சுருள், கியர்களின் வரிசை, வேகத்தை அடக்கும் சின்ன ஆட்டக்கட்டை, துவைக்கும்போது ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறி மாறிச் சுற்றச் சொல்லும் கேம்கள். முழுசாக இறங்கிய பிறகு, அதாவது குமிழ் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மட்டும் திறங்கள். இல்லாவிட்டால் சுருள் அவிழ்ந்து முகத்தில் அடிக்கும்.

படக்குழாய் டிவியைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் ஸ்பீக்கரைத் தவிர அசைகிற பொருள் எதுவும் இல்லை, குழாய் வெடிக்கும், உயர் அழுத்தம் வேறு. செட் டாப் பாக்ஸ் அதைவிட மோசம், திறந்தால் ஒரு பச்சை அட்டையும் காற்றும்தான். செல்போனில் மட்டும் அதிர்வுக்காக ஒரு பக்கம் கனமான குண்டு வைத்த எறும்பு மோட்டர் இருக்கும். அது ஒன்றுதான் இந்தக் காலத்துச் சாமானில் எனக்கு வேலை.

காயலான் கடை அண்ணனோடு எனக்கு ஓர் ஒப்பந்தம்.

"டீச்சர், ஒரு டெக் வந்திருக்கு, எடுத்து வெச்சிருக்கேன். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கழட்டிட்டேன், செம்பு வெலை வேற."

"அது உங்களுக்கேண்ணே. டிரம்மை யாரும் சுத்தியலால அடிக்கலைல்ல?"

"நீங்க சொன்னதுலேர்ந்து பசங்களைத் தொட விடறதில்லை."

எடைக்கு வாங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, செம்பு, அலுமினியம், இரும்பு, பிளாஸ்டிக் என்று பிரித்துத் திருப்பிக் கொடுப்பேன். பிரித்த சரக்குக்கு விலை கூட என்பதால் அவருக்கும் லாபம். சர்க்யூட் போர்டுகளையும் ஒயர்களையும் எரித்துச் செம்பு எடுக்கக் கூடாது என்று அவரிடம் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் புகையில் ஈயமும் இன்னும் என்னென்னவோ இருக்கிறது, பக்கத்திலேயே அவர் பேத்தி விளையாடிக்கொண்டிருப்பாள். இப்போது போர்டுகளைத் தனி மூட்டையாகக் கட்டி, மின்கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் அனுப்புகிறார்.

எடுத்து வைக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஜிப் பை, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: எந்தச் சாமானிலிருந்து வந்தது, எத்தனை வோல்ட், தண்டு எத்தனை மில்லிமீட்டர். அளப்பதற்கு வெர்னியர் இருக்கிறது, பள்ளி ஆய்வகத்து உபகாரம். ஸ்க்ரூக்களை மட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கலந்து போட்டுவிடுவேன். அதில் ஜோடி பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டுக்காரருக்கும் பொழுதுபோக வேண்டும்.

திருச்சிப் பக்கம் யார் வீட்டிலாவது ரீல் டேப் ரெக்கார்டரோ சாவி கொடுக்கும் கிராமபோனோ ஓடாமல் கிடந்து, யாரும் பழுது பார்க்க முடியாது என்று கைவிட்டிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். டிரைவரும் புடவை உறையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.